ஏரி மீன் வெயிலில் வெந்தா செத்தது?

கேள்வி, ஏப்ரல் 18

எங்கள் ஊர் ஏரியில் நேற்று விடிந்ததும் பார்த்தால் கரையோரம் முழுக்க மீன் செத்து மிதக்கிறது. "அடிக்கிற வெயிலில் வெந்துபோச்சு" என்கிறார்கள் பெரியவர்கள். மதியம் 3 மணிக்குத் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தோம், 34 டிகிரி காட்டியது. 34 டிகிரியில் மீன் வேகுமா? பருவநிலை மாற்றம் என்கிறார்களே, அது இதுதானா? இல்லை, யாராவது மருந்து கலந்துவிட்டார்களா? மீன் வளர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஏப்ரல் 18, இரவு 9.20

வேகாது. 34 டிகிரி நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் தொட்டியில் விட்டு மெல்ல மெல்லச் சூடேற்றிப் பார்த்திருக்கிறார்கள். 40 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் நிலை தடுமாறிக் கவிழ்கின்றன. உங்கள் ஏரி மீன் மூச்சு முட்டிச் செத்திருக்கும்.

எனக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் 60 சென்ட்டில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாத விடியலில் 180 கிலோ மீன் போனது. நானும் அன்றைக்கு வெயிலைத்தான் திட்டினேன். வெந்நீரில் ஆக்சிஜன் கரையாது, மீனுக்கோ சூடு ஏற ஏற ஆக்சிஜன் தேவை கூடும் என்பதெல்லாம் செத்த மீனைக் குழிவெட்டிப் புதைத்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். செத்ததில் பெரிய மீன் அதிகமா, பொடி மீன் அதிகமா? விரால் ஏதாவது மிதந்ததா?

ஏப்ரல் 18, இரவு 9.35

எதற்குக் கேட்டேன் என்றால், மருந்து கலந்திருந்தால் பொடி மீன், இறால் எல்லாம் முதலில் போகும், விராலும் தப்பாது. ஆக்சிஜன் பிரச்சினை என்றால் பெரிய மீன் முதலில் போகும், விரால் தப்பித்துவிடும். குட்டைக்காரர்கள் வழக்கமாகப் பார்க்கிற அடையாளம் இது. கோர்ட்டில் நிற்காது, ஆனால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஏப்ரல் 19, காலை 7.05

பதில் பார்த்தேன். கிலோவுக்கு மேல் இருந்த கட்லா, ரோகு எல்லாம் மிதந்தன, விரால் ஒன்றுகூட இல்லை, ஜிலேபி பாதிக்கு மேல் உயிரோடு இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மருந்தாக இருக்காது. ஊரில் யார் மீதும் சந்தேகப்பட்டுச் சண்டைக்குப் போகவேண்டாம்.

விரால் ஏன் சாகவில்லை? அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். தேளியும் பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஐந்து மில்லிலிட்டர் தேறினால் பெரிது. அந்த ஐந்துக்காகக் காற்றைவிட 800 மடங்கு கனமான தண்ணீரை வாயால் இழுத்துச் செவுள் வழியாகத் தள்ளவேண்டும். கட்லாவின் நாள் முழுக்க வேலை இது. விரால் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை எடுத்துக்கொண்டு போய்விடும்.

பனையேறி என்றதும் ஞாபகம் வருகிறது. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் கம்பெனி லெப்டினன்ட் டால்டார்ஃப் என்பவர், 1791இல் இந்த மீன் ஒரு பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்து இதழில் அச்சானது. நான் அத்தனை வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் மழையில் சுற்றியிருக்கிறேன், பனையேறி சாலையைக் கடந்து போவதைத்தான் பார்த்திருக்கிறேன். மரம் ஏறிய மீன் என் கண்ணில் படவில்லை.

அதே பனையேறியை மேலே வரவிடாமல் வலை போட்டு மூடினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

ஏப்ரல் 19, மதியம்

முதல் குறிப்பில் "வெந்நீரில் ஆக்சிஜன் கரையாது" என்று எழுதியிருக்கிறேன். மிகை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் 8.3 மில்லிகிராம் வரை பிடித்துவைக்கும். 30இல் 7.5, 35இல் 6.9. பத்து டிகிரி ஏறியும் குறைவது ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. மூன்று மில்லிகிராம் இருந்தாலே கெண்டை சமாளித்துவிடும். அப்படியென்றால் 34 டிகிரியில் ஏன் சாகவேண்டும்?

செலவுப் பக்கத்தைப் பார்க்கவேண்டும். பத்து டிகிரி ஏறினால் மீனின் ஆக்சிஜன் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும், சில மீன்களில் இன்னும் அதிகம். மீனுக்கு மட்டுமா? பச்சைப் பாசிக்கும், அடிச் சேற்றில் இருக்கிற பாக்டீரியாவுக்கும் இதே கணக்குதான். பகலில் பாசி ஆக்சிஜனைத் தயாரித்துக் கொட்டும். இரவில் அதுவும் மீனோடு போட்டிபோட்டு மூச்சுவிடும். ராத்திரி முழுக்கக் கடன் ஏறி ஏறி, சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் குட்டை காலியாகியிருக்கும்.

அதனால் நீங்கள் மதியம் 3 மணிக்கு அளந்ததில் பயனில்லை. அந்த நேரத்தில்தான் ஏரியில் ஆக்சிஜன் அதிகமாக இருக்கும். விடிகாலை 4 மணிக்கு ஆக்சிஜனை அளக்கவேண்டும். பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டீர்களே, என் குட்டையைப் பொறுத்தவரை எனக்குப் பகல் உச்சத்தைவிட இரவு ஆறாமல் கிடப்பதுதான் பயம். தண்ணீர் இரவிலும் 31, 32இல் நின்றால் எல்லா உயிரின் செலவும் விடிய விடிய உச்சத்திலேயே ஓடும்.

ஏப்ரல் 20

தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் போட்டால் தீராதா என்று இங்கே ஒருவர் கேட்கிறார். நானும் போட்டேன். விற்றவர் "பகல் வெயிலில் ஓட்டுங்க சார், தண்ணி ஆறும்" என்று சொல்லிக்கொடுத்தார். பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை ஓட்டிவிட்டு, கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி நிறுத்தினேன். அந்த 180 கிலோ போனது அப்போதுதான். பகலில் பாசி உபரியாகச் சேர்த்துவைத்த ஆக்சிஜனை நானே அடித்து அடித்து வெளியே அனுப்பியிருக்கிறேன், காசு கொடுத்து.

பகலில் போடவே கூடாது. இரவு 11க்கு மேல் போடுங்கள்.

ஏப்ரல் 20, சற்று கழித்து

"போடவே கூடாது" என்பதும் அரைகுறைதான். காற்றே அடிக்காத நாட்களில் மேல் தண்ணீர் சூடாகி லேசாகிவிடும், அடித் தண்ணீர் தனியாக நின்றுவிடும். அந்த அடியில் ஆக்சிஜன் இருக்காது, சேற்று வாயு இருக்கும். மதியம் ஒரு மணி நேரம் ஓட்டிக் கலக்கிவிட்டால் இரண்டும் பிரிந்து நிற்காது. கலக்காமல் பத்து நாள் விட்டு, அதன்மேல் ஒரு கோடை மழை அடித்தால் மேல் தண்ணீர் சட்டென்று குளிர்ந்து கீழே இறங்கும், அடி அப்படியே புரண்டு மேலே வரும். மறுநாள் மீன் மிதக்கும். எங்கள் ஊர்க் கிழவர் "இடி இடிச்சு மீன் செத்துச்சு" என்பார். காரணம் தப்பு, நாள் மட்டும் மிகச் சரி.

உங்கள் ஏரியில் முந்தின நாள் மழை உண்டா?

ஏப்ரல் 21

மழை இல்லை, இரண்டு நாளாகக் காற்றும் இல்லை, மேகமூட்டம் என்கிறார் ஏரிக்காரர். மேகம் என்றால் பாசி பகலிலும் சரியாகச் சம்பாதிக்கவில்லை. போதும், இதற்குமேல் துப்பறிய ஒன்றுமில்லை.

தீனி பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சாப்பாடு செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். வயிறு நிறைந்த மீனின் மூச்சுச் செலவு பல வகைகளில் இரண்டு மடங்கு வரை போகும். நான் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். பாசம். செரிமானச் செலவு உச்சத்துக்குப் போகிற நேரமும் குட்டையில் ஆக்சிஜன் தீர்கிற நேரமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. இப்போது கோடையில் காலை 9 மணிக்குப் பாதித் தீனி, புழுக்கமான நாளில் அதுவும் இல்லை. பட்டினி கிடந்து எந்தக் கெண்டையும் என் குட்டையில் சாகவில்லை.

ஐரோப்பியக் கரையோரத்தில் ஒரு சின்னச் சுறா வகை உண்டு. இரவில் வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீருக்கு வந்து வேட்டையாடும், பிறகு குளிர்ந்த ஆழத்துக்குப் போய்ப் படுத்துச் செரிக்கும். குளிரில் செலவு குறைவு. விருந்து முடிந்ததும் ஏசி அறையைத் தேடுகிற மாப்பிள்ளை மாதிரி. என் கட்லாவுக்கு அந்த வசதி இல்லை, குட்டையின் ஆழமே ஐந்தடி.

ஏப்ரல் 23

"மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கிறதே, அப்புறம் எப்படிச் சாகிறது?" என்ற கேள்விக்கு.

கட்லா காற்றைக் குடிப்பதில்லை, குடித்தாலும் வைத்துக்கொள்ள அதற்கு உறுப்பு இல்லை. காற்றை ஒட்டிய தண்ணீரின் மேல்தோலில் மட்டும் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்த மெல்லிய ஏட்டை, பாலாடையை வழிப்பது போல, வாயால் வழித்துச் செவுளுக்கு அனுப்புகிறது. நல்ல தந்திரம். ஆனால் மேலே வந்தால் கொக்கு இருக்கிறது, நீர்க்காகம் இருக்கிறது. விரால் குஞ்சும் சூடு ஏற ஏற அடிக்கடி மேலே வரவேண்டியிருக்கும். என் குட்டையில் போன வருடம் மூச்சு முட்டிச் செத்தது ஒன்றுமில்லை. கொக்குக்குப் போனது எவ்வளவு என்று கணக்கு வைக்கவில்லை, கரையில் எச்சம் மட்டும் நிறைய.

இன்னொன்று. செவுள் வழியாகத் தண்ணீர் அதிகம் ஓடினால் ஆக்சிஜன் மட்டும் உள்ளே வராது. நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு வெளியே கசியும். வண்டியில் குஞ்சு கொண்டுவரும்போது டிரைவர் டிரம்மில் ஒரு கை கல்லுப்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நான் ரொம்ப நாள் அதைத் திருஷ்டிக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 24

கடல் மீனுக்கு இந்தக் கவலை இல்லை, நீந்திப் போய்விடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் உண்மை. மத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நெய் மத்தி ஒரு காலத்தில் பெரும்பாலும் மலபார்க் கரைச் சரக்கு. 1980களின் கடைசியிலிருந்து வடக்கேயும், குமரியைச் சுற்றி நம் கிழக்குக் கரைக்கும் பரவியது. கடல் சூடானதையும் இந்தப் பரவலையும் கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சேர்த்தே எழுதினார்கள். என் மாமனார் ஊர் நாகப்பட்டினம் பக்கம். அவர் சின்ன வயதில் இவ்வளவு மத்தி பார்த்ததில்லை என்பார்.

ஆனால் "நீந்திப் போய்விடும்" என்பதோடு கதை முடியாது. கேரளத்தில் 2012இல் நாலு லட்சம் டன்னை ஒட்டிப் பிடித்த மத்தி, 2021இல் வெறும் 3,297 டன். 2023இல் திரும்ப 1.38 லட்சம் டன். நேராக ஏறுகிற வெப்பநிலைக் கோட்டை மட்டும் வைத்து இந்த ஏற்ற இறக்கத்தைச் சொல்லமுடியாது. எல் நினோ, பருவமழையோடு அடியிலிருந்து மேலெழும் குளிர்ந்த தண்ணீர், அதில் வளரும் நுண்பாசி, குஞ்சு மீனை அள்ளும் வலை எல்லாம் சேர்ந்தது. பத்து சென்டிமீட்டருக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று கேரளத்தில் விதி போட்டிருப்பது சும்மா இல்லை.

இடம் மாறாமல் மாதத்தை மாற்றிக்கொண்ட மீனும் உண்டு. சென்னைக்கு எதிரே சங்கரா வெயில் மாதங்களில் முட்டையிடுவது குறைந்து, அக்டோபர் முதல் மார்ச் வரை முட்டையிடுவது கூடியதாகப் பதிவு இருக்கிறது.

ஏப்ரல் 26

மூச்சை விட்டு வேறு ஒன்று. கார்பன் டை ஆக்சைடு கரைந்து கடல் அமிலமானால் கோமாளி மீன் குஞ்சுக்கு மோப்பம் குழம்பி, எதிரியின் வாசனையை நோக்கியே நீந்திப் போகும் என்று 2009ஐ ஒட்டிய ஆய்வுகள் சொல்கின்றன. எமன் வீட்டு வாசலில் போய்த் தானே நிற்கிற மாதிரி. படித்ததிலிருந்து மனசே சரியில்லை.

ஏப்ரல் 27

நேற்று எழுதியதை அப்படியே நம்பவேண்டாம். 2020 ஜனவரியில் நேச்சர் இதழில் டிமோத்தி கிளார்க், ஃப்ரெட்ரிக் யூட்ஃபெல்ட் முதலானவர்கள் பவளப்பாறை மீன்களில் அதே சோதனைகளைத் திரும்பச் செய்து வெளியிட்டார்கள். முழுக்க வீடியோ எடுத்துச் செய்தது. அந்த மோப்பக் குழப்பம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பழைய குழு மறுத்து எழுதியது, சண்டை நடந்தது. எனக்குப் பின்னால் வந்ததே நம்பத்தக்கதாகத் தெரிகிறது. நேற்று மனசு சரியில்லாமல் போனதற்கு நஷ்டஈடு யாரிடம் கேட்பது?

ஏப்ரல் 29

சரி, மூச்சுக்கே திரும்புவோம். மீனின் இதயம் பற்றிப் படித்ததிலிருந்து அதுவே மனதில் ஓடுகிறது.

நமக்கு இதயத் தசைக்கென்று தனி ரத்தக்குழாய் உண்டு, நல்ல ரத்தம் முதலில் அங்கே போகும். பெரும்பாலான மீன்களில் இதயத்தின் பஞ்சு போன்ற உட்தசைக்கு அப்படி இல்லை. உடம்பு முழுக்கச் சுற்றி, எல்லாரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருக்கிற ஆக்சிஜனோடு திரும்பி வரும் ரத்தம்தான் அதற்குச் சோறு. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற அம்மா மாதிரி. சூடான தண்ணீரில் மீன் வேகமாக நீந்தினால் தசைகள் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும், சட்டி காலி. அதிகம் உழைக்கவேண்டிய நேரத்தில் இதயமே பட்டினி கிடக்கும்.

கனடாவில் ஃப்ரேசர் ஆற்றில் சாக்கை சால்மன் கடலிலிருந்து ஏறி வரும். வழியில் ஒன்றும் தின்னாது, முட்டையிடும் வரை ஓட்டம்தான். அந்த ஆற்றின் கோடை வெப்பம் 1950களிலிருந்து இரண்டு டிகிரியை ஒட்டி ஏறிவிட்டது. வெந்த வருடங்களில் ஏராளமான மீன் பாதி வழியிலேயே போய்விடுகிறது. எரிக்கா எலியாசன், அந்தோனி ஃபேரல் முதலானவர்கள் 2011இல் ஒரே ஆற்றின் வெவ்வேறு கூட்டங்களை அளந்தார்கள். நீண்ட கடினமான வழியில் போகிற கூட்டத்துக்கு இதயம் பெரிது, சூட்டைத் தாங்கும் இடைவெளியும் அதிகம். சில்கோ ஏரிக்குப் போகிற கூட்டம் அதில் முதல் வரிசை. ஒரே சாதி, ஒரே ஆறு, பாட்டன் நீந்திய பாதைக்குத் தக்கபடி பேரனின் இதயம்.

இதைப் படித்த பிறகு வெயிலேறியதும் நான் வலை இழுப்பதை நிறுத்திவிட்டேன். வியாபாரி கோபித்துக்கொண்டாலும் சரி, விடிந்து வெயில் ஏறுவதற்குள் ஆக்சிஜன் பார்த்துத்தான் இழுப்பு. மதியம் வலையில் துள்ளித் துவண்ட ரோகுவைத் திரும்ப விட்டால் மறுநாள் மிதக்கும்.

மே 2

"மீன் பழகிக்கொள்ளும், பரிணாமம் இருக்கிறது" என்று சொன்னவருக்கு. பழகும், கொஞ்சம். மேற்கு வங்கத்தில் பிடித்த ஜீப்ரா மீனை நார்வேயில் ஆறு தலைமுறை சூட்டுக்குத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 2020இல் வெளிவந்தது. தலைமுறைக்கு 0.04 டிகிரிதான் தாங்கும் எல்லை ஏறியது. அந்த எல்லையைக் கீழே இறக்கத் தேர்ந்தெடுத்தபோது இதைவிட எளிதாக இறங்கியது. சில மாதத்தில் தலைமுறை மாறுகிற மீனுக்கே இந்த வேகம் என்றால், இனப்பெருக்கத்துக்கு இரண்டு வருடம் எடுக்கிற கட்லாவை யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே வருடம் 694 மீன் வகைகளை ஒப்பிட்ட ஒரு ஆய்வும் வந்தது. வளர்ந்த மீன் தாங்கும் சூட்டைக் கருமுட்டையும் சினை மீனும் தாங்குவதில்லை என்பது அதன் சாரம். பெரிய மீன் நீந்துவதைப் பார்த்து "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லமுடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மே 4

நான் எழுதியதைத் திரும்பப் படித்தால் எல்லாவற்றுக்கும் ஆக்சிஜன், ஆக்சிஜன் என்று ஜோசியர் சனியைச் சொல்வது போல இருக்கிறது. ஆய்வாளர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. தண்ணீரில் கூடுதலாக ஆக்சிஜன் ஏற்றிவிட்டுச் சூடாக்கிப் பார்த்தால், எல்லா மீனுக்கும் சாவெல்லை உயரவில்லை. சிலவற்றில் மூளையும் நரம்பும் முதலில் கைவிடுகின்றன. பெரிய மீன் முதலில் சாவதற்குச் செவுள் உடம்புக்கு ஈடாக வளராததே காரணம் என்று டேனியல் பாலி வெகுகாலமாகச் சொல்கிறார். செவுளை மடித்து மடித்துப் பரப்பளவு கூட்டமுடியுமே, அது எப்படித் தடையாகும் என்று உடலியல்காரர்கள் மறுக்கிறார்கள். என் குட்டையில் பெரியது முதலில் போனது. அதை வைத்து இரண்டு தரப்புக்கும் தீர்ப்பு எழுத எனக்குத் தகுதி இல்லை.

வறண்டு சுருங்குகிற ஏரியில் நெருக்கம், அழுக்கு, அம்மோனியா எல்லாமும் உண்டு. மூச்சு அதில் பெரிய பங்கு. முழுப் பங்கு என்று முதல் நாள் தொனித்திருந்தால் அது என் 180 கிலோ பேசியது.

மே 7, அதிகாலை 4.10

நேற்று மாலை இடியோடு அரை மணி நேரம் மழை. ஆக்சிஜன் மீட்டர் 2.6 மில்லிகிராம் காட்டுகிறது. கட்லா ஏழெட்டு மேலே வாய் திறந்துகொண்டிருக்கிறது. ஏரேட்டர் போட்ட பத்தாவது நிமிடம் கரண்ட் போய்விட்டது.

மே 7, 4.40

டீசல் எஞ்சினால் குட்டைத் தண்ணீரையே இறைத்து உயரத்திலிருந்து குட்டைக்குள்ளேயே கொட்டுகிறேன். சத்தத்தில் பக்கத்து வயல்காரர் எழுந்து வந்து, இந்த நேரத்தில் யார் தண்ணீர் திருடுவது என்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

மே 7, 6.15

3.4. கரண்ட் வந்துவிட்டது. கட்லா உள்ளே இறங்கிவிட்டது, ஒன்று மட்டும் கரையோரம் சாய்ந்து நீந்துகிறது. இன்றைக்குத் தீனி கிடையாது. ஏரிக்காரரே, உங்கள் பக்கமும் நேற்று மழை என்று கேள்விப்பட்டேன். நாளை விடிகாலை 4 மணிக்கு அளந்து எழுதுங்கள்.